ஸிம்மர்மான் தந்தி சிக்கியது மக்தபர்க் கப்பலாலா?

கடலோடி: 1917-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸிம்மர்மான் மெக்சிகோவைக் கூட்டுச் சேரச் சொல்லி அனுப்பிய ரகசியத் தந்தி பிரிட்டனிடம் சிக்க ஒரே காரணம், மக்தபர்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் கிடைத்த குறியீட்டுப் புத்தகம். இதில் விவாதமே இல்லை.

தந்திக்காரன்: விவாதமே இல்லையாம்! அது கடற்படைப் புத்தகம் ஐயா. 1914 ஆகஸ்டில் எஸ்தோனியக் கரையில் கப்பல் தரைதட்டியது, ரஷ்யர்கள் எடுத்து ஒரு பிரதியை லண்டனுக்குக் கொடுத்தார்கள். தூதரகத் தந்திக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தந்தி பெர்லினிலிருந்து வாஷிங்டனுக்கு வந்தது, சொற்களுக்கு எண் போடும் 0075 என்ற குறியீட்டில். மெக்சிகோ தூதரகத்தில் அது கிடையாது. அதனால் வாஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப் 13040 என்ற பழைய குறியீட்டுக்கு மாற்றி வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் வழியாக அனுப்பினார். 13040-ஐ லண்டன்காரர்கள் அதற்கு முன்பே பெரும்பாலும் உடைத்துவிட்டார்கள்.

கடலோடி: அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் குறியீடு உடைத்த பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவான 40-ம் அறை ஏது? முன்பு எனிக்மா என்ற ஜெர்மன் குறியீட்டு இயந்திரம் பற்றிய பேச்சிலும் இதே மாதிரிதான் குதித்தீர்கள்.

தந்திக்காரன்: எனிக்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே தோற்ற கடுப்பா? புத்தகம் அக்டோபரில்தான் லண்டன் வந்தது. அந்தப் பிரிவின் தலைவர் யூயிங் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்.

ராமு_மதுரை: இரண்டு பேரும் வழியை மறந்துவிட்டீர்கள். போர் தொடங்கியதுமே ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளைப் பிரிட்டன் அறுத்தது. சமாதானப் பேச்சுக்காக அமெரிக்க அதிபர் வில்சன் அமெரிக்கக் கம்பியைக் கொடுத்தார். அது லண்டன் வழியாகப் போகும். இதுதான் ஓட்டை. கூட்டாளியின் கம்பியையே ஒட்டுக்கேட்டது பிரிட்டனுக்குப் பெருமையா?

கடலோடி: ராமு, அறம் பேச வேறு இடம் பாருங்கள். அமெரிக்கா அப்போது கூட்டாளியே இல்லை, நடுநிலை நாடு.

ராமு_மதுரை: நடுநிலை என்றால் இன்னும் கேவலம்.

தந்திக்காரன்: அறுந்த கம்பி இருக்கட்டும். அந்தத் தந்தியில் மெக்சிகோவுக்குத் தருவதாகச் சொன்ன அமெரிக்க மாநிலமான அரிசோனாவுக்குக் குறியீட்டில் தனி எண்ணே இல்லை. ஏஆர், ஐஇசட், ஓஎன், ஏ என்று நான்கு துண்டாக அனுப்பினார்கள். போர்க்கப்பலுக்குச் சமிக்ஞை சொல்லும் புத்தகத்தை வைத்து இதைப் படித்தார்களா? கடலோடி, நேராகப் பதில் சொல்லுங்கள்.

கடலோடி: நான் கப்பலில் வேலை பார்த்தவன். நீங்கள்?

தந்திக்காரன்: கப்பலில் வேலை பார்த்தால் 1917 தெரிந்துவிடுமா? நான்காவது தடவை: கடற்படைப் புத்தகம், கடற்படைப் புத்தகம்.

ராமு_மதுரை: மூன்றாவது தடவைதான் ஐயா.