மூன்றாவது வருஷமும் டாய்லெட் டீடெயில்தான். டிசைனுக்குள் எப்படி நுழைவது?

ஜன்னலோரம்:

கட்டடக்கலையில் பி.ஆர்க் முடித்து ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவும் செய்தாயிற்று. சென்னையில் நடுத்தரமான ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் இது மூன்றாவது வருஷம். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வருவதெல்லாம் டாய்லெட் டீடெயில், கதவு ஜன்னல் ஷெட்யூல் என்கிற அளவுப் பட்டியல், மாடிப்படி செக்‌ஷன் (குறுக்கே வெட்டிப் பார்க்கிற வரைபடம்), அப்புறம் கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏவுக்குப் போகிற அப்ரூவல் டிராயிங். கான்செப்ட்டை ஆபீஸ் தலைவரான பிரின்சிபலும் ஒரு அசோசியேட்டும் அறைக்குள்ளேயே முடித்துவிடுவார்கள், எங்கள் கைக்கு வரும்போது பிளான் இறுகிப் போய்தான் வரும். கல்லூரியில் ஐந்து வருஷம் ஒரு ஜன்னலுக்காகக்கூட டிசைனை மதிப்பிடும் ஜூரியிடம் சண்டை போட்டவள் நான், இங்கே வாயைத் திறந்தால் "முதல்ல டெட்லைனைப் பாரும்மா" என்கிறார்கள். கூடப் படித்தவர்கள் இன்ஸ்டாகிராமில் கம்ப்யூட்டரில் செய்த கட்டடப் படங்களை ரெண்டர் மேல் ரெண்டராகப் போடுகிறார்கள், வயிறு எரிகிறது. வேறு ஆபீஸ் பார்ப்பதா, மேற்படிப்புக்கு எம்.ஆர்க் போவதா, இல்லை இங்கேயே இருந்து உள்ளே நுழைய வழி இருக்கிறதா?

மாடிப்படி மாமா:

ரெண்டருக்கெல்லாம் வயிறு எரியாதேம்மா, அதில் பாதி கட்டவே போவதில்லை. டிசைன் இல்லை என்று நீ ஒதுக்குகிற அந்த மாடிப்படியையே எடுத்துக்கொள். சாதாரண வீடு, தளத்துக்குத் தளம் பத்தடி. ஒரு படியின் உயரம், அதாவது ரைசர், ஆறு அங்குலம் என்றால் இருபது படி, நடுவில் திரும்பினால் பத்தும் பத்தும், திரும்புகிற மேடையான லேண்டிங் ஐந்தடியில் வந்து நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கார அம்மா வந்து, லேண்டிங்குக்கு அடியில் கொல்லைப்புறம் போக ஒரு கதவு வேண்டும் என்பார். லேண்டிங் ஸ்லாபின் கனம் அரை அடி போக நாலரை அடிதான் மிச்சம். மண்தரையிலிருந்து வீட்டுத் தளத்தை உயர்த்தியிருக்கிற பிளிந்த் ஒன்றரை அடியை அங்கேயே மூன்று படி வைத்து இறக்கினாலும் ஆறடி, கதவோ ஏழடி. சரி, லேண்டிங் வரை ஏறுகிற முதல் ஃப்ளைட்டைப் பதின்மூன்று படியாக்கினால் லேண்டிங் ஆறரை அடிக்கு ஏறும், ஸ்லாபைக் கழித்து பிளிந்தைக் கூட்டினால் ஏழரை, லேண்டிங் பீம் அரை அடி தொங்கினாலும் ஏழு நிற்கும். ஆனால் கால் வைக்கிற டிரெட் பத்து அங்குலம் என்றால், மூன்று படி கூடினால் படிக்கட்டு இரண்டரை அடி நீளுமே, அதை எங்கிருந்து எடுப்பாய்? ஹாலில் கைவைத்தால் சோபா போகும், சமையலறையில் கைவைத்தால் மேடை குறுகும், மனை எல்லையிலிருந்து விடவேண்டிய காலியிடமான செட்பேக்கைத் தொடவே முடியாது. உங்கள் பிரின்சிபல் அறைக்குள் உட்கார்ந்து செய்வதும் இந்தப் பேரம்தான். செக்‌ஷன் வரைகிறவள் நீ என்பதால் தலை இடிப்பது உன் கண்ணில்தான் முதலில் படும். "சார், இங்கே தலை இடிக்கிறது" என்று மட்டும் போய் நிற்காதே, இரண்டு தீர்வைப் பேப்பரில் கிறுக்கி எடுத்துக்கொண்டு போ.

நம் நாட்டு ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி 1951இல் பாரிஸுக்குப் போய் உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் கார்பூசியேவிடம் வரைந்தார், அப்புறம் அகமதாபாத்தில் கார்பூசியேவின் கட்டடங்களுக்கு சைட்டில் நின்று மேற்பார்வை பார்த்தார். கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் வந்தது 2018இல். அவசரப்படாதே.

சிமெண்ட் பை:

மாடிப்படிக் கணக்கு அருமை மாமா, தோஷி கதையை மட்டும் விட்டுவிடுங்கள். பாரிஸில் முதல் எட்டு மாதம் அவர் சம்பளமே வாங்கவில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே என் பழைய முதலாளி இன்க்ரிமென்ட் தராமல் காலத்தை ஓட்டினார். வேளச்சேரியில் வாடகை கட்ட கார்பூசியேவா வருவார்?

ஜன்னலோரம், உங்கள் பிரச்சினை டாய்லெட் டீடெயில் இல்லை என்று நினைக்கிறேன். டிராயிங்கில் மாறிய இடத்தைச் சுற்றி சிவப்பு கிளவுடு போட்டு ரிவிஷன் வருகிறதே, அது ஏன் மாறியது என்று யாராவது உங்களுக்குச் சொல்கிறார்களா? குழாய்கள் இறங்குகிற டக்ட் இடம் மாறியது பிளம்பிங் கன்சல்டன்ட் சொல்லியா, கிளையன்ட்டின் வாஸ்துக்காரர் சொல்லியா, கீழே பீம் வந்ததாலா? காரணம் தெரியாமல் கோட்டை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தால் பத்து வருஷம் ஆனாலும் ஒன்றும் ஏறாது. அதனால் மீட்டிங்கில் மினிட்ஸ் எழுத நான் வருகிறேன் என்று கேளுங்கள். ஆபீஸில் எவருக்கும் பிடிக்காத வேலை அது, கேட்ட உடனே தலையில் கட்டிவிடுவார்கள், எதை எதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது மொத்தமும் காதில் விழும். ஆறு மாதம் அப்படிக் கேட்டும் உள்ளே விடவில்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள்.

கோவைக்காரி:

எம்.ஆர்க் பற்றி ஒரு வார்த்தை. அர்பன் டிசைன், லேண்ட்ஸ்கேப், கன்சர்வேஷன் மாதிரி ஒன்றில் உண்மையிலேயே ஆசை இருந்தால் போங்க. ஆபீஸிலிருந்து தப்பிக்க மட்டும் என்றால் வேண்டாங்க, இரண்டு வருஷம் கழித்து இதே டாய்லெட் டீடெயில் காத்துக்கொண்டிருக்கும்.

ஆறேழு பேர் இருக்கிற சின்ன ஆபீஸில் மனை அளப்பதிலிருந்து கான்ட்ராக்டர் பில் பார்ப்பது வரை எல்லாம் நம் தலையில் விழும், வேகமாகக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் தப்பைத் திருத்த மேலே ஆள் இருக்காது. அப்புறம் அந்த அப்ரூவல் டிராயிங்கை மட்டமாக நினைக்காதீங்க. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளை விரல்நுனியில் வைத்திருக்கிற ஜூனியரை, கான்செப்ட் நேரத்தில் பிரின்சிபலே கூப்பிடுவார். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் ஆகிவிடும், செட்பேக் முதற்கொண்டு எல்லாம் மாறும். இந்தத் தளத்தை ஏற்றலாமா வேண்டாமா என்று அங்கேயே சொல்ல ஆள் வேண்டுமில்லையா? எங்கள் ஆபீஸில் நான் உள்ளே போனது அப்படித்தான். முதலில் கிடைத்தது காம்பவுண்டு சுவரும் வாட்ச்மேன் அறையும்தான், ஆனால் என் கோடு.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. மினிட்ஸ் எழுதுகிறேன் என்று இன்று காலை கேட்டேன். அசோசியேட் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சைட் மீட்டிங் இருக்கு, ஸ்லாப் சென்ட்ரிங் செக்கிங், டேப்போட வா" என்றார். மாமா, மாடிப்படி செக்‌ஷனையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சிமெண்ட் பை:

ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகையில் ஆணி நிமிர்ந்து கிடக்கும், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். அப்புறம் டாய்லெட்டுக்காகத் தாழ்த்துகிற சங்கன் போர்ஷனுக்கு ஸ்லாபு இறக்கியிருக்கிறார்களா என்று கம்பி கட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள், கான்கிரீட் போட்ட பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.