எடி: சுழல் வேண்டாம், வேறு என்ன?

(மூவரின் மடல் உரையாடல். மடல் எண் எழுதியவரைக் குறிக்கும்.)

மடல் 1

வணக்கம். இலங்கையின் களனி கங்கையில் கித்துல்கலப் பகுதியில் ராஃப்ட் (காற்றடைத்த மிதவை), கயாக் (துடுப்பிடும் சிறு படகு) செலுத்துவோருக்கான பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெரும்பாலும் கடினத்தில் 2, 3ஆம் தர விரைவோட்டங்கள். சிக்கல் 'எடி' (eddy) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொல்வதில். அகராதிகள் சுழி, நீர்ச்சுழல் என்கின்றன. "சுழலில் சிக்கி மாணவர் பலி" என்று நாளிதழில் படித்துப் பழகியவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் துடுப்புப் போடுவார். படகோட்டிக்கோ நின்று மூச்சுவிட, அடுத்த இறக்கத்தைப் பார்த்துக்கொள்ள அதுதான் இடம். பாறையில் மோதிய நீர் இருபுறமும் பிரிந்து ஓடுகிறது. பாறையின் கீழ்ப்புறம், அதாவது ஆறு போகும் பக்கம், மட்டம் தாழ்கிறது. அதை நிரப்ப ஆற்றின் கீழ்த்திசையிலிருந்து நீர் மேல்திசை நோக்கித் திரும்பி வருகிறது. பாறை மறைவில் கிடப்பதால் 'மறைநீர்' எனலாமா?

மடல் 2

> 'மறைநீர்' எனலாமா?

அது கைமாறிப் போய்விட்டது ஐயா. ஒரு கிலோ அரிசி விளைய எத்தனை லிட்டர் நீர் என்று கணக்குப் பார்ப்பவர்கள் அந்த மறைமுக நீருக்கு (virtual water) எடுத்துக்கொண்டார்கள். 'எதிரோட்டம்' பொருள் சரி, ஆனால் பாறைமேல் வழிந்து விழுந்து திரும்பி வரும் நீரும் எதிரோட்டம்தான். அது ஆளை விடாது. நான் சொல்வது 'ஒதுங்குநீர்'. மழைக்குத் திண்ணையில் ஒதுங்குகிற மாதிரிதான் படகு பாறைக்குப் பின்னால் ஒதுங்குகிறது.

மடல் 3

> நான் சொல்வது 'ஒதுங்குநீர்'

ஒதுங்குவதற்கு ஊரில் வேறொரு பொருளும் உண்டு அம்மா, அதை விடுவோம். பெயர்ச்சொல்லாக எனக்குச் சம்மதம். ஏவலாக வேண்டாம். இரைச்சலில் "ஒதுங்கு" என்று கத்தினால் பாதிப்பேர் "விலகு" என்று எடுத்துக்கொண்டு பாறையை விட்டுத் தள்ளிப் போவார்கள். "வலம் உள்ளே", "இடம் உள்ளே" போதும். வலமும் இடமும் எப்போதும் ஆறு போகும் திசையைப் பார்த்து. படகு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வலக்கரை வலக்கரைதான்.

இரு ஓட்டமும் உரசும் கோட்டுக்கு 'வரப்பு' என்பேன். நீர் பெருகும்போது முதன்மை ஓட்டம் ஒதுங்குநீரைவிட உயர்ந்து நிற்கும், அப்போது அது கண்ணுக்கே வரப்பாகத் தெரியும். நுழைவதைப் பற்றிக் குறிப்பில் இப்படி எழுதலாம்:

"வரப்பைப் பாறையை ஒட்டி, ஏறத்தாழ 45 பாகையில், வேகம் குறையாமல் வெட்டுக. படகின் மூக்கு உள்ளே போனதும் மேல்நோக்கிய நீர் அதைப் பிடித்துத் திருப்பும். திரும்பும் பக்கமே கயாக்கைச் சாய்க்க. நிமிர்ந்திருந்தாலோ வெளிப்பக்கம் சாய்ந்தாலோ கவிழும். வெளியேறும்போது மூக்கு மேல்நோக்கி. ஓட்டம் பிடித்ததும் கீழ்ப்பக்கம் சாய்க."

பெரும்பாலும் தவறுவது நேரத்தில். பாறையைத் தாண்டிய பிறகு திருப்பத் தொடங்கினால், வரப்பு அகன்று கலங்கிய இடத்தில்தான் போய்ச் சேர்வோம். கோணம் குறைந்தால் அதன்மேலேயே வழுக்கிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான். அந்த வரப்பில் சிறு சிறு சுழிகள் தோன்றித் தோன்றி மறையும். 'சுழி'யை அவற்றுக்கே வைத்துக்கொள்வோம்.

மடல் 2

'வரப்பு' அருமை. 'நீர்' என்ற ஈற்றுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கித்துல்கலவில் ஆற்றின் மட்டம் மேலேயுள்ள லக்சபான நீர்மின் தொகுதியிலிருந்து திறக்கும் நீரைப் பொறுத்தது. தலை வெளியே தெரியும் பாறைக்குப் பின்னால் ஒதுங்குநீர். நீர் கூடி அதே பாறை மூழ்கினால், மேலே வழிந்து விழுந்து மடிந்து திரும்பும் பொறி. காலையில் ஒதுங்கிய இடம் மாலையில் அப்படி ஆகலாம். ஆகவே பெயர் பாறைக்கு அல்ல, நீருக்கு. ஆங்கிலத்தில் 'ஹோல்' எனப்படும் இதை 'மடிநீர்' என்று வைக்கலாம். தவிர்க்க முடியாவிட்டால் நேராக, வேகமாகக் குத்திக் கடக்க வேண்டும். குறுக்கே மாட்டினால் கீழ்ப்பக்கம் சாய்ந்தபடி ஓரத்துக்கு நகர வேண்டும்.

மடல் 1

இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சியது ஸ்ட்ரெயினர்: நீர் புகுந்து போகும், ஆள் மாட்டிக்கொள்வார். விழுந்த மரம், மூங்கில் புதர், நெருங்கிய பாறைகள் எல்லாமே. 'அரிப்பு' என்று எழுதியிருந்தோம்.

மடல் 3

மண்ணரிப்பு என்று படிப்பார்கள். 'சல்லடை' எல்லாருக்கும் தெரியும். மரச் சல்லடை, பாறைச் சல்லடை என்று பிரிக்கலாம். இங்கே சொல் தெளிவாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் விதி தலைகீழாகிறது. படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசையில் நீட்டி, பாதத்தை நீர்மட்டத்துக்குத் தூக்கி மிதக்க வேண்டும். எழுந்து நின்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும், ஓட்டம் உடலை முன்னே சாய்த்து அமுக்கும். மரச் சல்லடை வந்தால், முதலில் விலகி நீந்த வேண்டும். முடியாதபோது குப்புறப் புரண்டு, தலை முன்னே, அதை நோக்கியே வேகமாக நீந்தி மரத்தின் மேல் ஏற வேண்டும். காலை முன்னே விட்டால் கிளைகளுக்கு அடியில் இழுத்துவிடும். "சல்லடை" என்று ஒருவர் கத்தியதும் எல்லாரும் புரள வேண்டும்.

மடல் 1

சரி. ஒதுங்குநீர், வரப்பு, மடிநீர், சல்லடை. பாறை இடுக்கில் பாதம் சிக்குவதைப் 'பாதச்சிக்கல்' என்று போட்டிருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.