கொப்பியை எடுக்கச் சொன்னாலே "செய்யமாட்டன்" என்கிற பிள்ளை

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். 12 வயதுப் பொடியன் ஒருவன். பேச்சு நல்லாக வரும், எழுத்துத்தான் கஷ்டம். கணிதக் கொப்பியை எடு என்றாலே "செய்யமாட்டன்" என்று தலையை மேசையில் போட்டுவிடுவான். இரண்டாம் முறை சொன்னால் கொப்பி யன்னலால் வெளியே போகும். ஆனால் தோட்டத்துக்குத் தண்ணி விடச் சொன்னால் வாளியோடு முதல் ஆளாக நிற்பான். விறாந்தையில் நிற்கவிட்டும் குறையவில்லை. "ரெண்டு போட்டால் சரிவரும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி:
தங்கச்சி, அடிக்கிற கதையை விடுங்கோ. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் அதைத் தடுத்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் அடி அவனுக்குக் கணக்கு விளங்கப்படுத்தாது.

தண்ணி விடச் சொன்னதும் ஓடிவருகிற பிள்ளைக்கு உங்களோடு கோபம் இருக்காது. எழுத்திலிருந்து தப்பப் பார்க்கிறான். விறாந்தைக்குப் போனால் தப்பியாச்சு, அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்கிறான். ஒரு கிழமை குறித்துப் பாருங்கோ: முன்னுக்கு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது.

பக்கம் முழுக்கக் கணக்கைக் காட்டாமல் மூன்றை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுங்கோ. "முதலில் கூட்டலா, கழித்தலா?" என்று கேளுங்கோ, அவனே தெரிவுசெய்யட்டும். பக்கத்தில் போய் மெதுவாக ஒருக்கால் சொல்லிப்போட்டுப் பத்து விநாடி பொறுங்கோ. சொன்னதை விளங்கிக்கொள்ளவே சில பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் வேணும். மூன்றும் முடிந்தால் வாளி. களைத்தால் காட்ட ஒரு அட்டை கொடுங்கோ, காட்டினதும் இரண்டு நிமிடம் ஓய்வு.

தொடக்கத்தில் எறிவது கூடும், பயப்படாதேங்கோ. பழைய வழி பலிக்காவிட்டால் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த நேரம் நீங்கள் விட்டுக்கொடுத்தால், பலமாக எறிந்தால் வெல்லலாம் என்று பழகிவிடுவான்.

முள்ளியவளை அம்மா:
என்ர மகனையும் சொல்வழி கேளாதவன் என்றுதான் சொன்னவை. பரிசோதித்தால் ஒரு காது கேட்கவில்லை. கண்ணையும் காதையும் முதலில் பார்ப்பியுங்கோ ரீச்சர். நல்லாயிருந்த நாளிலும் தாய்க்கு ஒரு போன் எடுங்கோ. எங்களுக்கு வாறதெல்லாம் முறைப்பாடுதான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
நன்றி அக்கா, நன்றி அம்மா. காதுப் பரிசோதனைக்குத் தாயோடு கதைக்கிறேன். "அவனுக்கு மட்டும் ஏன் மூன்று?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்டால்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி:
அவரவருக்கு ஏற்ற அளவு என்று சொல்லுங்கோ. கேட்கிற பிள்ளைக்கும் எந்தக் கணக்கை முதலில் செய்யலாம் என்று தெரிவுசெய்ய விடுங்கோ, அதோடு அடங்கிவிடும்.