கனடாவில் முதல் பனிக்காலம்: கார் ஓட்டப் போகும் புதியவர்களுக்கு

கோடையில் ரொறன்ரோவுக்கு வந்து, சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்து, இப்போது முதலாவது பனிக்காலத்தை எதிர்பார்த்திருக்கும் உறவுகள் பலர், ஸ்நோ கொட்டும்போது எப்படி ஓட்டுவது என்று கேட்கிறார்கள். பனி கொட்டும் நாளில் எல்லோருமே மெதுவாகத்தான் போவார்கள். பனியை உருக்க உப்புத் தூவும் லொறிகளும் வீதியில் இறங்கியிருக்கும். நான் முதலில் எச்சரிக்க விரும்புவது, வானம் வெளித்து, வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், வீதி வெறுமனே நனைந்திருப்பதுபோலத் தெரியும் நாளைப் பற்றித்தான்.

என் முதல் பனிக்காலத்தில், அதிகாலை வேலைக்குப் போகும்போது, 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், அதுவரை காதில் கேட்டுக்கொண்டிருந்த ரயர்களின் இரைச்சல் திடீரென்று அடங்கியது. ஸ்டியரிங் கையில் பாரமே இல்லாததுபோல இலகுவாகிவிட்டது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன்; நான் எவ்வளவு திருப்பியும் கார் நேராகவே போய், ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது. அதைத்தான் இங்கே பிளாக் ஐஸ் என்பார்கள். கண்ணாடிபோல மெல்லியதாக உறைந்த அந்தப் படலத்தினூடாக வீதியின் கறுப்பு நிறமே தெரிவதால், கண்ணால் பிரித்தறிவது மிகவும் கடினம். பாலங்களின் மேலும் கீழும் குளிர்காற்று ஓடுவதால், மற்ற இடங்களுக்கு முன்னதாக அங்கேதான் உறையும். ஓர் அடையாளம் சொல்கிறேன்: வீதி ஈரமாகத் தெரிந்தும் முன்னால் போகும் வாகனத்தின் ரயர்களிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீரல்ல, பனிக்கட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கத் தொடங்கினால் வேகமிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மோதிவிடுவோமோ என்று பயப்படும் பொருளைப் பார்க்காமல், கார் போகவேண்டிய திசையைப் பார்த்து, அந்தப் பக்கமாகவே ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். கட்டாயம் நிறுத்தத்தான் வேண்டுமென்றால், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை உறுதியாக மிதித்து அப்படியே வைத்திருங்கள். மிதி காலுக்குள் கடகடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். ஊரில் பழைய வாகனங்களில் பழகியவர்களுக்கு விட்டுவிட்டு மிதிக்கும் பழக்கம் இருக்கும், அதை இங்கே மறந்துவிட வேண்டும். காரின் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கொன்ட்ரோலைப் பனிக்காலத்தில் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் ரயர் சரியாக இருந்தால்தான் உதவும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண ரயரின் ரப்பர் இறுகி, பிடிமானத்தை இழக்கத் தொடங்கிவிடும்; ஆகவே பனி விழும்வரை காத்திருக்காமல் பனிக்கால ரயரைப் போட்டுவிடுங்கள். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை நம்ப வேண்டாம். நான்கையும் மாற்றுங்கள். பழைய ரயர் வாங்குவதானால் தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம் என்பது சட்டம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டமில்லை, ஆனாலும் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். நான்கு சில்லும் இழுக்கும் பெரிய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது.

பிள்ளைகள் விடயத்தில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. தடித்த பனிக்கோட்டுடன் பிள்ளையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டியைப் பூட்டினால், இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதும்போது கோட்டின் பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, தோளில் பட்டியை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாத அளவுக்கு இறுக்கிவிட்டு, கோட்டையோ போர்வையையோ மேலே போர்த்திவிடுங்கள்.

புறப்படுமுன் கண்ணாடியில் ஓர் ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு போகாமல் கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் அது முன் கண்ணாடியில் சரிந்து விழும். கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். பழைய கார்கள் பலவற்றில், பகலில் முன்பக்கம் தானாக எரியும் பகல்விளக்கு எரியும்போது பின்விளக்கு எரியாது என்பதால் விளக்கு ஆளியை நீங்களே போடுங்கள். நீல விளக்குச் சுழலும் பனிவழிப்பு வண்டிகளை முந்தவே வேண்டாம்.

பொங்கல் விழா, பிறந்தநாள் என்று தை மாதத்தில் அழைப்புகள் வரும். போகாவிட்டால் கோபிப்பார்களே என்று வீதி மோசமாக இருக்கும் நாளில் கிளம்ப வேண்டாம்; ஒரு தொலைபேசி அழைப்பில் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். முக்கியமாக, 400 நெடுஞ்சாலையில் பாரி நகரின் பக்கம் போகிறவர்கள், ஒன்ராறியோவின் வீதித் தகவல் சேவையான 511இல் வீதி நிலைமையைப் பாருங்கள். ஏரிப் பக்கமிருந்து வரும் பனிப்புயல் சில நிமிடங்களிலேயே முன்னால் உள்ள காரை மறைத்துவிடும். வழியில் சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்காமல் காருக்குள்ளேயே இருங்கள். இயந்திரத்தை இயக்குமுன் புகைபோக்கிக் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து விலக்கிவிட்டு, சிறிது நேரம் மட்டும் இயக்கி, ஒரு யன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.