இருட்டுக்குப் பயப்படும் மகள்: விளக்கை அணைக்கலாமா?

மல்லிகைக்கொடி:
என் மகளுக்கு நாலரை வயது. புது வீட்டுக்கு வந்ததும் தனி அறை கொடுத்தோம். அன்றிலிருந்து டியூப்லைட் எரிந்தால்தான் படுக்கிறாள். அணைத்தால் பீரோவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக அழுகிறாள். இரண்டு நாள் அழவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

ஆற்றங்கரை:
உங்கள் கணவர் பக்கம்தான் நான். வெளிச்சத்தில் தூங்கிப் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம். 2018-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்துபோனது. என் சின்ன வயதில் எங்கள் ஊரில் கரண்டே கிடையாது. நாங்கள் பயந்தா செத்தோம்?

கண்ணாடிவளையல்:
அது 10 குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு சார். இருந்தாலும் டியூப்லைட் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழவிடுவதைத்தான் ஏற்க முடியாது. ஊரில் நீங்கள் தனியாகவா படுத்தீர்கள்? திண்ணையில் வரிசையாகப் பாய் விரித்து, ஒரு பக்கம் பாட்டி, ஒரு பக்கம் அண்ணன். கை நீட்டினால் ஆள் இருந்தது. இந்தக் குழந்தைக்கு இருட்டும் தனிமையும் ஒரே நாளில் வந்திருக்கின்றன.

முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-இல் எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார்கள். போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். முதல் நாளே மடியில் போட்டிருந்தால்?

என் மகனுக்கும் அப்படித்தான் செய்தேன். இருட்டு அறையில் கடலைமிட்டாயை ஒளித்து வைப்பேன், டார்ச்சோடு போய் எடுத்து வர வேண்டும். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு நான் வாசலில் நிற்க, கடைசியில் நான் ஹாலில் இருந்தபடி. ஒரு மாதம் ஆனது.

ஆற்றங்கரை:
திண்ணை விஷயம் உண்மைதான், நான் யோசிக்கவில்லை. ஆனால் சில வீடுகளில் பேயை விரட்டுகிறேன் என்று பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தெளிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள் அம்மா. விரட்டுகிறோம் என்றாலே அங்கே ஒன்று இருக்கிறது என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும்.

கண்ணாடிவளையல்:
இதில் நானும் உங்கள் கட்சி. பகலில் பீரோவுக்குப் பின்னால் அவளையே பார்க்க விடுங்கள். ஒரு கேள்வி தோழி, சாப்பாடு ஊட்டும்போது யாராவது பூச்சாண்டி காட்டுகிறீர்களா?

மல்லிகைக்கொடி:
நான்தான். ஜன்னலைக் காட்டி, வாங்கிக்கொள்ளாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று தினமும் சொல்வேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அவள் அறையிலும் அதே மாதிரி ஜன்னல்.

ஆற்றங்கரை:
நீங்களே சொன்னது பொய் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள் ஜீரோ வாட் பல்பு ஒன்றை அறைக்குள் போடாமல் நடையில் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். தூங்கியதும் அணைக்க வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

கண்ணாடிவளையல்:
அணைக்காதீர்கள். நடுராத்திரி விழித்தால் படுக்கும்போது பார்த்த வெளிச்சம் அப்படியே இருக்க வேண்டும்.

மல்லிகைக்கொடி:
இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். “அப்போ ஜன்னல்ல யாருமே இல்லையா?” என்று மூன்று முறை கேட்டாள். பல்பு நடையில் எரிகிறது. நான் அவள் கட்டில் பக்கத்தில் பாய் போட்டிருக்கிறேன்.