இயர் பிளக் போட்டால் கிட்டாரே கேட்கவில்லை, நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, உதவி தேவை

ஆறாம்தந்தி (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம் நண்பர்களே, அவசரம். அடுத்த வாரம் ராக் நிகழ்ச்சி. பள்ளிக் காலத்திலிருந்து நேரில் கேட்க ஆசைப்பட்ட குழு. சத்தத்தைக் குறைக்கக் காதில் செருகும் இயர் பிளக் புதிதாக வாங்கினேன். போட்டால் பேஸ் (தாழ்ந்த அடிச்சத்தம்) மட்டும் மொத்தையாக வருகிறது, கிட்டார் அடுத்த வீட்டில் வாசிப்பது போல இருக்கிறது. கூடவே பாடினால் என் குரல் மண்டைக்குள்ளேயே முழங்குகிறது. போடாமல் போகவும் பயம். வேறு எது நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மிக்சர்முனை
என்ன வகை? நுரையா, சிலிக்கானா, உள்ளே ஃபில்டர் வைத்ததா? எந்த அளவு? எங்கே போட்டுப் பார்த்தீர்கள்? இரண்டு காதிலும் ஒரே மாதிரிதானா? நிகழ்ச்சி உள்ளரங்கிலா மைதானத்திலா, நிற்கும் இடமா இருக்கையா? இது எதுவும் தெரியாமல் ஆளுக்கொரு பெயர் சொல்லலாம், உங்களுக்குப் பயன்படாது.

கருஞ்சட்டை
எந்தக் குழு என்று சொல்லுங்கள் ப்ரோ. டூம் மெட்டல் மாதிரி மெதுவான, கனத்த ராக் என்றால் பேஸ் மொத்தையாக வருவதுதான் சரி. த்ராஷ் மாதிரி வேகமானது என்றால் பிரச்சினை.

தாளகதி
நான் எல்லோருக்கும் சொல்வதுதான். ஒலியைச் சரிசெய்பவர் இருக்கும் சவுண்ட் டெஸ்க்குக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்த மனிதர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் கூட்டிக் குறைக்கிறார். அவருக்குக் கேட்பதுதான் உண்மையான சவுண்ட். மேடைக்கு முன்னால் பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்கள், அதாவது சப்வூஃபர் வரிசை இருக்கும், அதன் மேல் சாய்ந்து நின்றால் எந்த இயர் பிளக் போட்டாலும் பேஸ்தான். இடத்தை மாற்றுங்கள், பிளக்கை அல்ல.

பழையவால்வு
இந்தக் கேள்வி இங்கே வந்து போகாத மாதம் இல்லை. மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் தம்பி, அதைப் பழகிக்கொள்ளுங்கள். சரி, அடிப்படை தெரியாமல் எதைச் சொன்னாலும் புரியாது என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். ராக் நிகழ்ச்சி 100-க்கு மேல் போவது சாதாரணம். 105 என்று வைத்தால் ஒரு நாளுக்கான அளவு 5 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டுக்கே போதாது. இதைப் படித்த பிறகும் "கிட்டார் கேட்கவில்லை" என்று கழற்றுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பருத்தி
அவர் கழற்றுகிறேன் என்று எங்கே சொன்னார்? பயந்துபோய்த்தானே கேட்கிறார். கணக்கு நன்றாக இருக்கிறது, கேள்விக்குப் பதில்தான் இல்லை.

ஓயாஒலி
அவ்வளவு செலவு எதற்கு? இரண்டு உருண்டை பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் போகிறேன்.

மிக்சர்முனை
பஞ்சு வேண்டாம், தயவுசெய்து. கிண்கிண் என்ற மேல் சத்தம் கொஞ்சம் மங்கும், அதனால் காப்பாற்றுகிறது என்று தோன்றும். உண்மையில் ஆபத்தான அளவு அப்படியே உள்ளே போகிறது. திசு காகிதமும் அதே கதைதான்.

ஆறாம்தந்தி
சாரி, வேலையில் இருந்தேன். ஃபில்டர் வைத்த சிலிக்கான். பெட்டியில் மூன்று அளவு முனைகள் இருந்தன, மாட்டியே வந்த நடு அளவை அப்படியே போட்டேன். வீட்டில் ஸ்பீக்கரில் அவர்களுடைய லைவ் பதிவைப் போட்டுக் கேட்டேன். போன நிகழ்ச்சிக்கு எதுவும் போடாமல் போய், தூங்கி எழுந்த பிறகும் காதில் கொய்ங் என்று இரைந்தது. அதனால்தான் பயம். இப்போது கவனித்தால் இடது காதில்தான் பேஸ் அதிகம். இந்த முறை மைதானம், முன்பக்கம் நிற்கும் டிக்கெட்.

மிக்சர்முனை
இப்போது சொல்லலாம். உங்கள் இயர் பிளக் மோசம் இல்லை, இடது காதில் அது சரியாக அடைக்கவில்லை. சிறு இடைவெளி இருந்தால் அதன் வழியாக முதலில் நுழைவது தாழ்ந்த அதிர்வெண்தான். மேல் அதிர்வெண் அடைபட்டே இருக்கும். அதனால் பேஸ் மொத்தை, கிட்டார் தூரம். பலருக்கு இடது காதுத் துளையும் வலதும் ஒரே அளவு இருப்பதில்லை. இடதுக்குப் பெரிய முனையை மாட்டிப் பாருங்கள், வலதுக்கு நடு அளவே இருக்கட்டும்.

போடும்போது எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போது வளைந்த துளை நேராகும். முனையை மெல்லத் திருகியபடி உள்ளே விடுங்கள், பிறகுதான் மடலை விட வேண்டும். பாட்டு ஓடும்போது இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக மூடிப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் பிளக் கசிகிறது. பெரிய மாற்றம் தெரியாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் பாட்டு 70 டெசிபலில் ஓடுகிறது என்று வைப்போம், பிளக் 20 குறைத்தால் மிச்சம் 50. அது பேச்சுச் சத்தத்தைவிடக் குறைவு, உயிரே இல்லாமல்தான் இருக்கும். மைதானத்தில் 105-லிருந்து 20 போனால் 85. அங்கே கிட்டார் முகத்துக்கு நேராக வரும். வீட்டுச் சோதனையை வைத்து மனம் தளர வேண்டாம்.

செம்பருத்தி
குரல் முழங்குவதற்கும் சொல்கிறேன். நாம் பாடும்போது எலும்பு வழியாகவும் சத்தம் காதுத் துளைக்குள் வருகிறது. திறந்திருந்தால் வெளியே போய்விடும், அடைத்தால் உள்ளேயே சிக்கி முழங்கும். பிளக் மேலோட்டமாக உட்கார்ந்தால் இது அதிகம், ஆழமாகப் போனால் குறையும். அப்புறம், பாடும்போது தாடை அசைய அசையத் துளையின் வடிவம் மாறி பிளக் நழுவும். முழுக் கூட்டமும் கோரஸ் பாடி முடித்ததும் ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கருஞ்சட்டை
நான் எப்போதும் நுரைதான் போடுகிறேன். அதுவும் மந்தமாகத்தான் இருக்கிறது.

மிக்சர்முனை
நுரை நன்றாகத் தடுக்கும், ஆனால் மேல் அதிர்வெண்ணை அதிகமாக வெட்டிவிடும். ட்ரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் செத்துப்போகும். திறந்த காதுத் துளை 2,700 ஹெர்ட்ஸ் அருகே இயற்கையாகவே சத்தத்தைக் கூட்டித் தருகிறது, அடைத்தவுடன் அந்தக் கூடுதல் போய்விடுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஃபில்டர். 1988-ல் எடிமோடிக் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-15 இயர் பிளக் இந்த வழியில்தான் எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய 15 டெசிபல் சமமாகக் குறைத்தது. ஸ்பீக்கரை ஒட்டி நிற்பவர்களுக்கு மட்டும் நுரையே நல்லது, அங்கே 15 போதாது.

ஓயாஒலி
இவ்வளவு பயந்து பயந்து ராக் கேட்க வேண்டுமா? சத்தம் நெஞ்சில் மோத வேண்டும். 1976-ல் இங்கிலாந்தில் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ குழு வாசித்தது 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்தது. அந்தக் காலத்து ரசிகர்கள் யாரும் காதில் எதையும் செருகவில்லை.

பழையவால்வு
அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள். அதே குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். காதுகள் கெடும் என்பதால் கின்னஸே அந்தச் சாதனைப் பிரிவைக் கைவிட்டது. ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் கேட்கும் திறன் போய்விடும் நிலையில் சுற்றுப்பயணத்தின் நடுவே விலக வேண்டியிருந்தது. நெஞ்சில் மோதுவது பேஸ். இயர் பிளக் நெஞ்சை அடைப்பதில்லை.

செம்பருத்தி
கடைசி வரிக்காக இந்த முறை உங்கள் பக்கம். மறுநாள் இரைச்சல் நின்றுவிட்டால் காது சரியாகிவிட்டது என்றும் நம்ப வேண்டாம். 2009-ல் குஜாவா, லிபர்மேன் என்ற ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் நரம்பு இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்தன.

தாளகதி
சவுண்ட் டெஸ்க் பக்கத்தில் நின்றால் இவ்வளவு பேச்சுக்கே வேலை இல்லை. அப்புறம் ஆறாம்தந்தி, அந்தச் சுற்றுப்பயணத்தில் என்னென்ன பாட்டு வாசிக்கிறார்கள் என்று செட்லிஸ்ட் எஃப்எம் இணையதளத்தில் பார்த்து இந்த வாரம் வரிசையாகக் கேட்டுவிடுங்கள். பழகிய பாட்டு என்றால் பிளக் போட்டும் ஒவ்வொரு கிட்டார் ரிஃப்பும் பிடிபடும்.

கருஞ்சட்டை
ஐயோ, பார்க்காதீர்கள்! விளக்கு அணைந்ததும் முதல் சுரம் எது என்று தெரியாமல் நிற்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் நான் போகிறேன். அதை ஒரு வாரம் முன்பே செலவழித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

தாளகதி
எனக்கு நேர் எதிர். இந்த இடத்தில் ட்ரம்ஸ் விழும் என்று தெரிந்து காத்திருப்பதுதான் சுகம். அயர்ன் மெய்டன் ஒரு சுற்றுப்பயணம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வாசிக்கிறார்கள். மேடை, விளக்கு, பின்திரை எல்லாம் பாட்டோடு சேர்த்துக் கட்டியது. ரசிகர்கள் குறைந்துவிட்டார்களா?

கருஞ்சட்டை
பேர்ல் ஜாம் இரவுக்கு இரவு மாற்றுகிறார்கள். ஃபிஷ் குழு 2017-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 13 இரவு வாசித்து ஒரு பாட்டைக்கூடத் திரும்ப வாசிக்கவில்லை. மெட்டாலிகா 2023-ல் தொடங்கிய சுற்றில் ஒரே ஊரில் இரண்டு இரவு, முதல் இரவில் வந்த பாட்டு இரண்டாவதில் கிடையாது. எதிர்பார்ப்பு என்றால் இதுதான்.

பழையவால்வு
மாறினாலும் மாறாவிட்டாலும் குழு நன்றாக வாசிக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைத் தனி இழையில் பேசுங்கள்.

மழலைத்தாளம்
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளை முதல்முறையாக ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகிறேன். நாள்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைகளுக்கு இயர் பிளக் சரிப்படுமா?

செம்பருத்தி
சின்னக் காதில் பிளக் நிற்காது அம்மா, அவளே பிடுங்கிவிடுவாள். தலைக்கு மேல் மாட்டும் குழந்தைகளுக்கான மஃப் வாங்குங்கள். இப்போதே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள், அங்கே போய் முதல்முறை மாட்டினால் அழுத்துகிறது என்று கழற்றிவிடுவாள். உலகச் சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட தரநிலை, நிகழ்ச்சி இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காது ஓய்வெடுக்க அமைதியான பகுதியும் வேண்டும் என்கிறது. எல்லா இடத்திலும் இருக்காது, இருந்தால் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசிக்கும் துணைக் குழு முடிந்ததும் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப்போனாலே பெரிய உதவி.

மிக்சர்முனை
ஆறாம்தந்தி, பெரிய முனை போட்டுப் பார்த்தீர்களா? ஆள் எங்கே?

கருஞ்சட்டை
நிகழ்ச்சி நாளே வந்துவிட்டிருக்கும். வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

ஆறாம்தந்தி
போய் வந்துவிட்டேன். இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடு. இரண்டு கிட்டாரும் சேர்ந்து வாசித்த ஹார்மனி தனித்தனியாகக் கேட்டது, பாட்டு வரி முழுக்கப் புரிந்தது. காலையில் இரைச்சல் இல்லை. தொண்டைதான் போய்விட்டது. மிக்சர்முனை, செம்பருத்தி, நன்றி. விவரமாக அப்புறம்.

தாளகதி
எங்கே நின்றீர்கள்? டெஸ்க் பக்கத்திலா?

மழலைத்தாளம்
மஃப் வந்துவிட்டது, பாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிறாள். கம்பி போகும் இடத்தில் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. என்ன செய்யலாம்?

மிக்சர்முனை
அந்த இடைவெளியும் கசிவுதான். மெல்லிய கம்பி உள்ள கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மெத்தைக்கு அடியில் சிக்கிய முடியையும் பின்னால் ஒதுக்குங்கள். அப்படியும் இடைவெளி இருந்தால் ஸ்பீக்கர்களிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் இருக்கையாக எடுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?