மறு: ‘சிக்னேச்சர்’: கையொப்பம் வேண்டாமே, சாயல் எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்தான் ஐசோடோப்புகள் (ஓரிடத்தனிமங்கள்). ஒரு பறவையின் உடலில் அவை எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பார்த்து, அது எதைத் தின்றது என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் கலவை காட்டும் அடையாளத்தை ஆங்கிலத்தில் ‘ஐசோடோபிக் சிக்னேச்சர்’ என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ஐசோடோபிக் சிக்னேச்சர் = ஓரிடத்தனிமக் கையொப்பம். நேரடியாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்.

ஐயா, எனக்கு இது ஒட்டவில்லை. கையொப்பம் என்பது ஒருவர் தெரிந்தே போடுவது. கடற்பறவையின் இறகில் யாரும் எதையும் போடவில்லை. தின்ற மீன் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலை நடக்கிற விதத்தைப் பார்த்தால் சொல் அகப்படும் என்று நினைக்கிறேன். பறவையைப் பிடித்து வயிற்றுக்குள் தண்ணீர் செலுத்திக் கக்க வைப்பது பழைய முறை. வருவது கடைசி வேளைச் சாப்பாடு மட்டும். அதிலும் மீனின் செவிக்கல், கணவாயின் அலகு போன்ற கெட்டியானவை தங்கும். சொறிமீன் கரைந்து காணாமல் போய்விடும். இறகு அப்படியல்ல. முளைத்து முடிந்த பிறகு மாறாது. முளைத்த காலத்துச் சாப்பாடு அதில் அப்படியே நிற்கும். ஒரு துணுக்கை வெட்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக எடுத்து, வெள்ளீயச் சிமிழில் மடித்து எரிக்கிறார்கள். வரும் வாயுவில் நைட்ரஜன்-15க்கும் 14க்கும் உள்ள விகிதத்தை நிறை நிறமாலைமானி, அதாவது அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி, சொல்லிவிடும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் அது ஆயிரத்துக்கு 3 முதல் 4 வரை கூடும். கார்பன்-13 அவ்வளவு ஏறாது. ஆனால் இரை கரையோரத்ததா நடுக்கடலதா என்று காட்டிக்கொடுக்கும்.

ஆக, இரை பறவையில் தெரிகிறது, ஆனால் ஒரு படி தள்ளி. இதற்கு நம் வீடுகளில் சொல் இருக்கிறதே: சாயல். மூக்கு அம்மா, நெற்றி தாத்தா என்று பிரித்துப் பார்க்கிறோம். பல இரை கலந்திருந்தால் ஆய்வாளர்களும் அதைத்தான் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். உறவே இல்லாத இருவருக்கு ஒரே சாயல் இருக்கலாம். வெவ்வேறு இரைக்கும் ஒரே எண் வரலாம். ‘கைரேகை’ என்ற சொல்லும் பொருந்தாமல் போவது இங்கேதான், ரேகை ஆளுக்கு ஆள் வேறாயிற்றே.

நான் மாட்டிக்கொண்ட இடம், அண்டார்க்டிகாவின் அடெலி பெங்குவின் முட்டையோடுகள். ஸ்டீவன் எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. 38,000 ஆண்டுவரை பழைய ஓடுகள். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் எண்கள் சட்டென்று சரிகின்றன. திமிங்கிலங்களையும் சீல்களையும் மனிதர் வேட்டையாடித் தீர்த்ததில், அவை தின்றுவந்த கிரில் (இறால் போன்ற சிற்றுயிர், உணவுச் சங்கிலியில் மீனுக்குக் கீழ்ப்படி) மிஞ்சியது, பெங்குவின் மீனை விட்டு அதற்குத் தாவியது என்பது அவர்கள் விளக்கம். “ஓட்டில் மீன்சாயல் மங்கிக் கிரில்சாயல் ஏறியது” என்று எழுதினேன். அங்கே கையொப்பத்தைப் போட்டுப் படித்துப் பாருங்கள், பெங்குவின் பத்திரப்பதிவுக்கு வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

> சாயல் கவிதைச் சொல். அறிவியலுக்கு ஆகுமா?

எண்ணைச் சொல்ல ‘விகிதம்’ இருக்கிறது அம்மா. அந்த எண்கள் சேர்ந்து காட்டும் முகத்துக்குத்தான் சாயல் கேட்கிறேன். ‘ஐசோடோப்பு’ மட்டும் என்ன? 1913 வாக்கில் கிளாஸ்கோவில் ஒரு விருந்தில் மார்கரெட் டாட் என்ற மருத்துவர் ஃபிரெடெரிக் சாடிக்கு எடுத்துக்கொடுத்தது என்பார்கள். கிரேக்கத்தில் ‘ஒரே இடம்’, அவ்வளவுதான்.

ஐசோடோப்பைச் ‘சமதானி’ என்னும் இலங்கை நண்பர்கள் ‘சமதானிச் சாயல்’ என்று எழுதினால் மறுப்பில்லை, சின்னதாகவும் இருக்கிறது. கொழுப்பமிலங்களை வைத்து இரை கண்டுபிடிப்பதற்கும் இது பொருந்தும்: கொழுப்பமிலச் சாயல்.

அப்புறம், உணவுச் சங்கிலியில் படிக்குப் படி வரும் அந்த 3–4 கூடுதலுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘படியேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிப்படாது என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், கட்டுரை போய்விடும்.